டிரெய்லரில் பாய்மரப் படகை உட்கார வைப்பது: கேள்வி பதில்

நாகப்பட்டினத்திலிருந்து: அண்ணே, பதினாலு அடி ஃபைபர் பாய்மரப் படகு. டிரெய்லர்ல ஏத்தினா பக்கப் பலகை படுற இடத்துல அடிப்பாகம் உள்ள அமுங்குது. பலகையை இன்னும் தடிமனா போடணுமா?

பதில்: வேண்டாம் தம்பி. பலகையில் குறையில்லை, எடை இறங்கும் இடம்தான் தப்பு. படகின் பலம் ஏராவில், அதாவது அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பில் இருக்கிறது. நடு ரோலர்களை உயர்த்தி ஏராவை அவற்றின் மேல் உட்கார வையுங்கள். பக்கப் பலகைகளை இறக்குங்கள்; படகு சாயாமல் தொட்டுக்கொண்டு நின்றால் போதும். நடுப்பலகை (படகு பக்கவாட்டில் நகராமல் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) இறங்கும் பிளவில் சின்ன ரோலர் மாட்டிக்கொள்ளும், அங்கே அகலமான ரோலர் போடுங்கள். படகின் பின்முனையை மூடும் பின்பலகைக்கு நேர் கீழேயும் தாங்கல் வேண்டும். சித்திரை வெயிலில் மாதக்கணக்கில் இப்படியே அமுங்கிக் கிடந்தால் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். இன்றைக்கே சரிசெய்யுங்கள்.

வேதாரண்யத்திலிருந்து: கார்ல இழுக்கும்போது டிரெய்லர் வாலாட்டுதுங்க.

பதில்: டிரெய்லரைக் காரோடு மாட்டும் கொக்கியில் பாரம் போதவில்லை. மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் அங்கே இறங்க வேண்டும். 300 கிலோ என்றால் 15 முதல் 30 கிலோ. எடை பார்க்கும் மெஷின் மேல் கட்டை வைத்து, அதன் மேல் கொக்கி முனையை இறக்கி, டிரெய்லர் மட்டமாக நிற்கும்போது அளந்து பாருங்கள். மோட்டார், சாமான் பின்னால் குவிந்திருந்தால் முன்னே மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் படகை முன்னே தள்ளலாம், ஆனால் ஆக்சிலை (சக்கர அச்சை) பின்னுக்கு நகர்த்துவதையே நான் சொல்வேன். படகு உட்கார்ந்த இடம் கலையாது.

முத்துப்பேட்டையிலிருந்து: ஆத்துல ஏத்துறப்ப ஒவ்வொரு தடவையும் கோணலா உக்காருதுண்ணே.

பதில்: டிரெய்லரை ரொம்ப ஆழத்தில் இறக்குகிறீர்கள். படகு மிதந்துகொண்டே இருந்தால் காற்றும் நீரோட்டமும் தள்ளத்தான் செய்யும். முன்பக்கம் முதல் ரோலரைத் தொடுமளவு ஆழம் போதும், மிச்சத்தை வின்ச் (டிரெய்லர் முன்னால் உள்ள, பெல்ட் சுற்றி இழுக்கும் உருளை) இழுக்கும். பின்புறம் இரண்டு வழிகாட்டிக் கம்பங்களை நிறுத்துங்கள். வாடைக் காலத்தில் பின்கயிற்றை ஓர் ஆள் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொன்று, நம் கரை வண்டல். ஒரு சக்கரம் புதைந்தால் படகும் அந்தப் பக்கமே சாயும். சக்கரத்தடியில் பலகை போட்டு மட்டம் பாருங்கள்.

காரைக்காலிலிருந்து: வின்ச் பெல்ட் பிடிச்சா போதாதா?

பதில்: போதாது. முன்னால் தனிச் சங்கிலி, பின்னால் இருபுறமும் பெல்ட். பாய்மரத்தை இறக்காமல் கிளம்பவே கிளம்பாதீர்கள், மேலே மின்கம்பி.

தரங்கம்பாடியிலிருந்து: பேரிங் அடிக்கடி போகுது, உப்புத் தண்ணியாலயா?

பதில்: ஓடிவந்த சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் ஹப்புக்குள் (பேரிங் இருக்கும் சக்கர நடுப்பகுதிக்குள்) காற்று சுருங்கி உப்புநீரை உறிஞ்சும். ஆறவிட்டு இறக்குங்கள். ஏற்றியதும் நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் பாருங்கள்.