வார்ப்பு டைனோசர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் மகளை ஒரு சிறிய நகரத்து டைனோசர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். கூடத்தை அடைத்து நின்ற எலும்புக்கூட்டை அவள் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அட்டையைப் படித்தேன். ‘மூலத்தின் வார்ப்பு’ என்று போட்டிருந்தது, அதாவது நிஜ எலும்பை அச்செடுத்து வார்த்த நகல். சப்பென்று ஆகிவிட்டது. மகளிடம் சொல்லவில்லை. நிஜ எலும்பு இல்லாத இடத்துக்கு எதற்குப் போகவேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மகளிடம் சொல்லியிருக்கலாம். “அப்ப நிஜம் எங்கே?” என்று கேட்டிருப்பாள். நல்ல கேள்வி.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1905-ல் வைக்கப்பட்டு, பல தலைமுறைகள் அண்ணாந்து பார்த்த டிப்ளோடோகஸ் என்ற நீள்கழுத்து டைனோசர் முழுக்க முழுக்கப் பிளாஸ்டர் வார்ப்பு. நிஜ எலும்புகள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில். எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி அந்த எலும்புகளை வார்ப்பெடுத்து லண்டனைப் போலவே பெர்லின், பாரிஸ் என்று ஊர் ஊராகப் பரிசளித்தார். சிகாகோ அருங்காட்சியகத்தில் ‘சூ’ என்று பெயரிட்டு வைத்திருக்கும் டைரனோசாரஸ் பெரும்பாலும் நிஜம்தான். ஆனால் கழுத்தின் மேல் இருக்கும் தலை வார்ப்பு. நிஜத் தலை கல்லாகிப்போனது இல்லையா, அவ்வளவு கனத்தை உயரத்தில் தூக்கி நிறுத்த முடியாமல் தனிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் அருகில் போய்ப் பார்க்க அதுவே வசதியும்கூட.

நானும் அப்படியொரு சிறிய அருங்காட்சியகத்துக்குப் போனதுண்டு. குழந்தைகள் தொட்டுத் தொட்டு, பெருவிரலில் மட்டும் பழுப்புச் சாயம் போய் உள்ளே வெள்ளை தெரிந்தது. வால் தரையில் கிடந்தது. பழைய காலத்தில் அப்படித்தான் நிறுத்திவைப்பார்கள். டைனோசர்களின் காலடித் தடங்களோடு வால் இழுபட்ட கோடு அபூர்வமாகத்தான் கிடைக்கிறது; ஆகவே வாலைத் தூக்கியே நடந்திருக்கவேண்டும். லண்டன்காரர்களே 1993-ல்தான் தங்கள் டிப்ளோடோகஸின் வாலைத் தூக்கி வைத்தார்கள். இந்தச் சிறிய அருங்காட்சியகத்தாரிடம் அதற்குப் பணம் இருந்திருக்காது, பாவம்.

மூலையில் ஒரு மேசைப் பெட்டி. உள்ளே முஷ்டி அளவில் ஒரு துண்டு, யாரும் திரும்பிப் பார்க்காதது. அதுதான் நிஜம். நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்ததால் காவலர் பெட்டியைத் திறந்து கையில் கொடுத்தார். சில்லென்றிருந்தது, அளவுக்கு மீறிய கனம். உடைந்த பக்கத்தில் தேன்கூடு போலக் கண் கண்ணாகத் துளைகள், ஒவ்வொன்றிலும் கல் ஊறி நிறைந்திருந்தது. விரலை வைத்தால் சொரசொரத்தது. பெரிய அருங்காட்சியகத்தில் பெட்டியருகே சாய்ந்தாலே விசில் ஊதுவார்கள்.

இன்னொரு முறை போங்கள். அட்டையை மகள் படிக்கட்டும்.