கவுன்சில் கூட்டத்தில் வீடியோ எடுக்க அனுமதி வேண்டுமா?

வணக்கம். லண்டனில் உங்கள் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) திட்டமிடல் குழுக் கூட்டத்தை போனில் வீடியோ எடுத்தபோது, முன் அனுமதி இல்லை என்று நிறுத்தச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் செய்தது தவறு. இங்கிலாந்தில் 2014 ஆகஸ்ட் 6 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, பொதுமக்களுக்குத் திறந்த கவுன்சில் கூட்டத்தை யாரும் படம்பிடிக்கலாம், ஒலிப்பதிவு செய்யலாம், அங்கே உட்கார்ந்தபடியே இணையத்தில் எழுதலாம். ஊர் அளவில் இயங்கும் சின்ன பாரிஷ் கவுன்சிலுக்கும் இது பொருந்தும்.

ஆனால் கூட்டம் நடக்கும்போது நீங்கள் கேமராவைப் பார்த்து வர்ணனை செய்தால் தடுக்கலாம். ரகசிய விஷயம் பேச மக்களை வெளியே அனுப்பினால், போனை உள்ளே ஓடவிட்டு வரவும் முடியாது.

அடுத்த முறை முந்தின நாளே கவுன்சில் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். அனுமதி கேட்க வேண்டாம். "பதிவு செய்ய வருகிறேன், வசதியான இடம் வேண்டும்" என்று எழுதினால் போதும். முடிந்தவரை நியாயமான வசதி செய்து தருவது அவர்கள் கடமை.