தொண்டைமானாற்றுக் கூட்டத்தில் எப்படிப் பேசுவது?

தம்பி, யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுக் களப்பு (கடலோடு சேரும் உவர்நீர் ஏரி) பற்றிய கருத்துக்கேட்பில் உங்கள் கடற்றொழிலாளர்கள் கத்திவிட்டு வந்தும் ஒன்றும் பதிவாகவில்லை என்கிறீர்கள். அப்படித்தான் நடக்கும்; அங்கே நேரத்துக்கு வருவது தேத்தண்ணியும் ரோல்ஸும்தான்.

அடுத்த முறை எழுத்தில் கொண்டு போங்கள். ‘தொழில் பாதிக்குது’ என்றால் தலையாட்டிவிட்டு விடுவார்கள். இறால் குஞ்சு கடலில் இருந்து களப்புக்குள் வந்து வளர்ந்து, பிறகுதான் திரும்பிப் போகும். அது வரும் காலத்தில், கடல்நீர் உள்ளே ஏறாமல் கட்டிய தடுப்பணையின் கதவு பூட்டியிருந்தால் என்ன பிடிபடும்? எந்த மாதம், எத்தனை நாள் திறக்க வேண்டும் என்று கேளுங்கள். கதவைத் திறக்கப் பயப்படும் கமக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டாம். உவர் ஏறினால் அவர்களின் கிணறும் போச்சு, அந்தப் பயம் நியாயம்.

கடிதத்தைக் கடற்றொழிலாளர் சங்கத்தின் பெயரில் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். கூட்டக் குறிப்பு தராவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும்.