பாலிசி விற்க வந்த வானொலி

கேள்வி: அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக்குப் போய்வந்த என் மகன், அந்த ஊர் 'கன்ட்ரி' எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசைக்குத் தலைநகரானதே ஓர் உள்ளூர் வானொலி நிலையத்தால்தான் என்கிறான். ஒரு வானொலிக்கு அவ்வளவு செல்வாக்கு இருந்திருக்குமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகன் சொன்னது பெரும்பாலும் சரி. டபிள்யூ.எஸ்.எம். என்னும் அந்த நிலையத்தை 1925 அக்டோபர் 5 அன்று தொடங்கியவர்கள் இசைத் துறையினர் அல்லர். 'நேஷனல் லைஃப் அண்ட் ஆக்சிடென்ட்' என்ற காப்பீட்டு நிறுவனத்தினர். பெயரிலுள்ள மூன்று எழுத்துகளுமே, பல லட்சம் பேருக்கு நாங்கள் கேடயம் என்று பொருள்படும் 'We Shield Millions' என்ற அவர்களுடைய விளம்பர வாசகத்தின் முதலெழுத்துகள்தாம்.

சிகாகோ நிலையம் ஒன்றில் கிராமிய ஆடல்பாடல் நிகழ்ச்சியை நடத்திப் பெயர் பெற்றிருந்த ஜார்ஜ் ஹே என்ற அறிவிப்பாளரை அவர்கள் நாஷ்விலுக்கு அழைத்துக்கொண்டார்கள். முப்பது வயதே ஆன அவர், தமக்கு 'நீதிபதி' என்று பட்டம் சூட்டிக்கொண்டவர். அவர் அவ்வாண்டு நவம்பர் 28, சனிக்கிழமை இரவு, அங்கிள் ஜிம்மி தாம்ப்சன் என்ற 77 வயது ஃபிடில் (வயலின்) கலைஞரை ஒலிவாங்கியின் முன் உட்காரவைத்தார். ஒரு மணி நேரம் வாசித்த பிறகு, களைப்பாக இருக்கிறதா என்று ஹே கேட்டதற்கு, ஒரு மணி நேரத்தில் கை சூடுபிடிக்கக்கூட இல்லையே என்றாராம் கிழவர். அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சி இன்றுவரை நின்றபாடில்லை.

அதற்குப் பெயர் வந்த கதை சுவையானது. 1927இல், தேசிய ஒலிபரப்பு வலையமைப்பிலிருந்து வந்த மேற்கத்தியச் செவ்வியல் இசை நிகழ்ச்சி முடிந்ததும் இவர்களுடைய முறை வரும். இதுவரை 'கிராண்ட் ஆபரா' (மேற்கத்திய இசை நாடகம்) கேட்டீர்கள், இனிமேல் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' கேளுங்கள் என்று ஹே கேலியாக அறிவித்தார். ஆபரா என்ற சொல்லைத் தெற்கத்திய நாட்டுப்புறத்தார் உச்சரிக்கும் விதந்தான் ஆப்ரி.

பெயர் சூட்டிய அந்த இரவில் முதலில் வாசித்தவர் டிஃபோர்டு பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர். சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கியதால் ஐந்தடிக்கும் குறைவாகவே வளர்ந்த அவர், ஒரு சிறு மவுத்தார்கனில் ரயில் எஞ்சினின் மூச்சிரைப்பு, விசில், தூரத்தில் தேய்ந்து மறையும் சக்கர ஓசை அனைத்தையும் கொண்டுவந்துவிடுவார். அதே கலைஞருக்கு, குழுவோடு ஊர் ஊராகப் போகும்போது தெற்கத்திய விடுதிகளில் இடம் கிடைக்காது. 1941இல் நிலையம் அவரை விலக்கியும் விட்டது. பிறகு நாஷ்விலிலேயே செருப்புக்கு மெருகு போடும் கடை வைத்துப் பிழைத்தார். கன்ட்ரி இசையின் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது 2005இல். அவர் இறந்து அப்போது 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த நிலையத்தின் வரலாற்றைப் பெருமையாகப் பேசுபவர்கள் இதைச் சொல்லாமல் நகர்வது நியாயமில்லை என்பது என் கருத்து.

செல்வாக்குக்கு வருவோம். 1932இல் 50,000 வாட் மின்திறனும் 878 அடி உயரக் கோபுரமும் வந்தன. நடுவில் பருத்து, இரு முனைகளிலும் கூம்பி நிற்கும் அந்த இரும்புக் கோபுரமே ஆன்டெனா. இரவில் நிலையத்தின் 650 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேறு பெரிய நிலையங்கள் குறுக்கிடாதபடி அரசு ஒதுக்கியிருந்ததாலும், மத்திய அலைகள் இருட்டிய பிறகு வானில் எதிரொலித்து நெடுந்தூரம் செல்வதாலும், உள்ளூர் நிலையத்தைப் பல மாநிலங்களின் குடியானவர்கள் கேட்டார்கள். வாரந்தோறும் வீட்டுக்கு வீடு சென்று சில்லறைத் தவணை வசூலிக்கும் காப்பீட்டு ஏஜெண்டுகளுக்கு இதைவிட நல்ல அறிமுகச் சீட்டு ஏது? சனிக்கிழமைப் பாட்டைப் பற்றிப் பேச்சைத் தொடங்கினால் கதவு திறந்துவிடும். பாடகர்களும் அந்த மேடையைத் தேடி வந்து குடியேற, அவர்களுக்குப் பின்னால் ஒலிப்பதிவுக்கூடங்களும் இசைப் பதிப்பகங்களும் வந்தன. 'இசை நகரம்' என்ற பட்டத்தை 1950இல் முதலில் உச்சரித்தவரும் இந்நிலையத்தின் அறிவிப்பாளர் ஒருவர்தாம்.

கேள்வி: அந்த நிலையம் இன்னும் இருக்கிறதா?
– அதே வாசகி

பதில்: அதே 650இல் இருக்கிறது. 2002இல் அதை விளையாட்டுச் செய்தி நிலையமாக மாற்ற உரிமையாளர்கள் எண்ணியபோது, நேயர்கள் திரண்டு எதிர்த்ததால் அந்த எண்ணம் கைவிடப்பட்டது. சனிக்கிழமை நிகழ்ச்சி 1943 முதல் நடந்துவந்த ரைமன் அரங்கத்தை விட்டு 1974இல் புதிய அரங்கத்துக்கு மாறியபோது, பழைய மேடையிலிருந்து ஆறடி விட்டத்துக்கு ஒரு மர வட்டத்தை அறுத்தெடுத்துப் புதிய மேடையின் நடுவில் பதித்தார்கள். பாடுபவர்கள் இன்றும் அதன்மேல் நின்றுதான் பாடுகிறார்கள். 2010 மே மாத வெள்ளத்தில் அந்த மேடையும் மூழ்கியது, நிலையத்தின் கலையகமும் நீரில் சிக்கியது. ஊழியர்கள் 1932ஆம் ஆண்டுக் கோபுரத்தின் அடிவாரத்துக்குச் சென்று, அங்கிருந்தே ஒலிபரப்பைத் தொடர்ந்தார்கள்.