ஐம்பத்தொரு சதவீத முதலாளி

வாசகி கேள்வி: நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் நானும் கணவரும் சிறிய மளிகைக் கடை நடத்துகிறோம். கிரீன் கார்டு கிடைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மதுரையில் பிறந்த மகன் இங்கே கல்லூரியில் படிக்கிறான். அவனிடமும் கிரீன் கார்டுதான். வாடகை ஏறிக்கொண்டே போகிறது, வியாபாரம் இறங்கிக்கொண்டே வருகிறது. எங்களுக்குத் தெரிந்த தொழிலதிபர் ஒருவர் உரிமம் வாங்கிக் கஞ்சாக் கடை திறக்கப்போகிறார். சிறுபான்மையினருக்கும் பெண்களுக்கும் மாநில அரசு முன்னுரிமை தருவதால் 51 சதவீதப் பங்கை என் பெயரில் எழுதலாம் என்கிறார். முதல் முழுவதும் அவருடையது, நிர்வாகமும் அவருடையது, எனக்கு மாதந்தோறும் ஒரு தொகை. “மாநிலம் அனுமதித்த தொழில்தானே, என்ன பயம்?” என்று கேட்கிறார். ஊரில் தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்ற கூச்சமும் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: அன்புச் சகோதரி, போடாதீர்கள். இந்த வாரமே அவரிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அதற்கான காரணங்களை இனி விரிவாகச் சொல்கிறேன்.

ஊர்ப் பேச்சைப் பற்றிய கூச்சத்தை முதலில் ஒதுக்கி வைப்போம். பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்கள். அதற்கு அஞ்சி நேர்மையான தொழிலைக் கைவிட வேண்டியதில்லை. நியூயார்க்கில் 21 வயது நிறைந்தவர்களுக்குக் கஞ்சா விற்பது, உரிமம் இருந்தால், மாநிலச் சட்டப்படி தொழில்தான். என் கவலை அமெரிக்காவில் உங்கள் மூவருடைய இருப்பைப் பற்றியது.

மாநிலச் சட்டம் ஒன்று, மத்திய அரசின் சட்டம் வேறொன்று. நியூயார்க் 2021 மார்ச் 31 அன்று கஞ்சாவை அனுமதித்தது. ஆனால் 1970ஆம் ஆண்டின் மத்தியப் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில் வைத்தது. அதைக் கீழ்ப் பட்டியலுக்கு மாற்றும் முன்மொழிவு 2024 மே மாதம் வெளியானது உண்மை. பட்டியல் மாறுவதாலேயே உங்கள் தெருவில் திறக்கும் கடை மத்திய சட்டத்தின் கண்ணில் நியாயமான வியாபாரம் ஆகிவிடாது. குடியேற்ற அதிகாரி மாநில உரிமத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அவருக்கு மத்திய சட்டம் மட்டுமே சட்டம்.

இதை அந்தத் துறையே எழுத்தில் சொல்லியிருக்கிறது. 2019 ஏப்ரலில் அமெரிக்கக் குடியுரிமைத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மாநிலம் அனுமதித்த கஞ்சாத் தொழிலில் ஈடுபட்டிருந்தாலும், குடியுரிமைக்குத் தேவையான ‘நன்னடத்தை’ இல்லை என்று விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க உங்களுக்கு இன்னும் ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள்தான் இருக்கின்றன.

குடியேற்றச் சட்டத்தில் இதைவிடக் கடுமையான பிரிவு ஒன்றும் இருக்கிறது. போதைப்பொருள் வணிகத்தில் ஒருவர் ஈடுபட்டார் என்று ‘நம்புவதற்குக் காரணம்’ இருந்தாலே நாட்டுக்குள் அனுமதி மறுக்கலாம். வழக்கோ தண்டனையோ வேண்டியதில்லை. அந்தத் தொழிலிலிருந்து கடந்த ஐந்து ஆண்டுகளில் தெரிந்தே பணப்பயன் பெற்ற கணவனோ மனைவியோ மகனோ மகளோ இருந்தால் அவர்களையும் அந்தப் பிரிவு பிடிக்கும். அந்த மாதத் தொகையில் உங்கள் மகனின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது விமான நிலையத்தில் உங்களை மட்டும் நிறுத்துவார்களா, அவனையும் நிறுத்துவார்களா? இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இவ்வளவு இருக்க, உங்கள் தொழிலதிபர் சொன்னதில் ஒரு பகுதி உண்மை என்பதுதான் வேதனை. நியூயார்க் சட்டம் சிறுபான்மையினர் என்று வரையறுக்கும் பிரிவுகளில் இந்தியத் துணைக்கண்டத்தில் வேர் உள்ளவர்களும் உண்டு. அமெரிக்கக் குடிமக்களோடு நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களும், அதாவது கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும், விண்ணப்பிக்கலாம். ஆக, ஒரே கிரீன் கார்டைக் காட்டினால் மாநில அரசு வாருங்கள் என்று அழைக்கிறது, மத்திய அரசு வெளியே போ என்கிறது. இந்த முரண்பாட்டைப் புலம்பெயர்ந்தவர்களுக்கு விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது அந்த 51 சதவீதத்துக்கு வருவோம். நம் ஊரில் இதற்கு ஒரு பெயர் உண்டு: பினாமி. நியூயார்க் சட்டம் வெறும் பங்குக் கணக்கைக் கேட்கவில்லை. உடைமை மெய்யானதாக, கணிசமானதாக, தொடர்வதாக இருக்க வேண்டும். அன்றாட முடிவுகளை அந்த உரிமையாளரே சுதந்திரமாக எடுக்க வேண்டும் என்கிறது. எவரை வேலைக்கு வைப்பது, எந்தப் பண்ணையிடம் சரக்கு வாங்குவது, என்ன விலை வைப்பது என எல்லாம் உங்கள் கையில் இருக்க வேண்டும். ‘நிர்வாகம் அவருடையது’ என்று நீங்கள் எழுதிய ஒரு வரியே போதும், இந்த ஏற்பாடு சட்டத்துக்குப் புறம்பானது என்று காட்ட. பிறகு மனம் மாறி விலகலாம் என்றாலும் எளிதில்லை. இந்த வகை உரிமத்தை மூன்று ஆண்டுகளுக்கு, தகுதியுள்ள வேறொருவருக்கு மாநிலக் கஞ்சாக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் ஒப்புதலோடு மட்டுமே மாற்ற முடியும்.

பணக் கணக்கும் உங்களுக்கு எதிராகவே நிற்கிறது. பங்குதாரர் நிறுவனமாகப் பதிவுசெய்தால், உங்கள் பங்குக்கு எழுதப்படும் லாபத்துக்கு நீங்கள் வருமான வரி கட்ட வேண்டும். பணம் உங்கள் கைக்கு வந்ததா என்று வரித்துறை கேட்காது. அந்த லாபக் கணக்கும் வழக்கமான கடைக் கணக்கு போன்றதல்ல. 1982இல் வந்த 280இ என்ற வரிப் பிரிவு, கொள்முதல் செலவைத் தவிர வாடகை, சம்பளம், விளம்பரம் எதையும் கழிக்கவிடாமல் இந்தத் தொழிலை நசுக்கி வந்திருக்கிறது. நியூயார்க் மாநிலம் தன் வரிக் கணக்கில் இந்தத் தடையை நீக்கிவிட்டது, ஆனால் பெரிய சுமை மத்திய வரியில்தான். கடைக்கு ஏதாவது நேர்ந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் உரிமத்தில் பெயர் இருப்பவர். 2025 ஜூலையில், பள்ளிக்கூடத் தூரத்தைத் தவறாக அளந்துவிட்டோம் என்று மாநிலக் கஞ்சா மேலாண்மை அலுவலகமே நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளுக்குத் தெரிவித்தது. சேமிப்பை எல்லாம் கொட்டித் திறந்த கடை அங்கேயே இருக்குமா இருக்காதா என்று அந்த முதலாளிகள் தவித்தார்கள்.

அந்த முன்னுரிமை இடம் எவருக்காக ஒதுக்கப்பட்டது என்பதையும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் (ACLU) 2020இல் வெளியிட்ட ஆய்வு, கறுப்பின மக்களும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில் கஞ்சா பயன்படுத்தியபோதும், கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு 3.64 மடங்கு என்று காட்டியது. ஒரு சிறு பொட்டலத்துக்காக வேலையை, வாடகை வீட்டை, சில வேளைகளில் பெற்ற பிள்ளையையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். அதே பொருளை இன்று கண்ணாடி அலமாரியில் வைத்து விற்கும்போது, அவர்களையும் முதலாளி ஆக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரம் 2017இல் முதல் சமவாய்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நியூயார்க் இன்னும் துணிந்து, உரிமங்களில் பாதியை இத்தகையோருக்கும் சிறுபான்மையினர், பெண்கள் போன்றோருக்கும் தருவதை இலக்காக வைத்தது. கஞ்சா வரி வருவாயில் 40 சதவீதத்தைப் பாதிக்கப்பட்ட சமூகங்களுக்கான மானிய நிதிக்கு ஒதுக்கியது.

உதவி சொன்ன வேகத்தில் வரவில்லை. 2022இல் அறிவித்த 20 கோடி டாலர் நிதியிலிருந்து கடை அமைத்துக்கொண்ட பலர், கடன் நிபந்தனைகள் கழுத்தை நெரிப்பதாக முறையிட்டார்கள். 2023 ஆகஸ்டில் ஒரு வழக்கால் புதிய உரிமங்கள் பல மாதங்கள் நின்றுபோயின. ஆரம்ப உரிமதாரர்களுக்கு 30,000 டாலர் வரை மானியம் என்ற அறிவிப்பு 2025இல்தான் வந்தது. கையில் முதல் இல்லாமல் இவர்கள் காத்திருந்த அந்த இடைவெளியில்தான் பணம் படைத்தவர்கள் பெயர் மட்டும் தேடி வருகிறார்கள். உங்களிடம் வந்தவரும் அப்படித்தான் வந்திருக்கிறார். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கச் சொல்கிறார், அந்தச் சித்திரமும் அவர் வீட்டுச் சுவரில்தான் தொங்கும்.

உங்கள் உண்மையான துன்பம் மளிகைக் கடை வாடகைதான் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. அதற்கு உதவி இருக்கிறது. லாங் ஐலண்ட் சிட்டியில் உள்ள லாகார்டியா சமுதாயக் கல்லூரியில் சிறுதொழில் மேம்பாட்டு மையம் இயங்குகிறது; ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. மூன்று ஆண்டுக் கணக்குப் புத்தகத்தையும் வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துச் செல்லுங்கள். நகரத்தின் சிறுதொழில் சேவைத் துறையிடம் வாடகை ஒப்பந்தம் பற்றிச் சட்ட உதவி கேளுங்கள். சிறுபான்மையினர், பெண்கள் நடத்தும் தொழில் என்ற மாநிலச் சான்றிதழுக்குக் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். அரசு அலுவலகங்களுக்குப் பொருள் வழங்கும் வாய்ப்பு அதில் திறக்கும். உங்கள் முப்பது வகைப் பருப்பும் மசாலாவும் எவருடைய குடியுரிமையையும் கெடுக்காது.

குடியுரிமை கிடைத்த பிறகும் கஞ்சாக் கடை ஆசை இருந்தால், அப்போது உங்கள் முதலீட்டில், உங்கள் முடிவில், உங்கள் பெயரில் செய்யுங்கள், நானே வாழ்த்துவேன். ஆனால் கணவரும் மகனும் குடிமக்கள் ஆகும்வரை பொறுங்கள், அந்த வருமானம் அவர்களையும் தொடும். அதுவரை, உங்கள் கடையின் ஒரு பகுதியை அவருக்கு வாடகைக்கு விடுவதைக்கூடக் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

இதுவரை எந்தப் படிவத்திலாவது கையெழுத்திட்டிருந்தால், அல்லது பாஸ்போர்ட், கிரீன் கார்டு நகல்களைக் கொடுத்திருந்தால், அவற்றை எடுத்துக்கொண்டு அந்த வழக்கறிஞரை உடனே பாருங்கள். அவர் தொழிலதிபர் பரிந்துரைத்தவராக இருக்கக் கூடாது. அவரைப் பார்ப்பதற்கு முன் வெளிநாட்டுப் பயணம் வேண்டாம். மதுரை டிக்கெட் வாங்கியிருந்தால் தள்ளிப்போடுங்கள்.