பால் கொடுக்க எந்தக் கதிரை?

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் சிசேரியன் என்று டொக்டர் நாள் குறித்திருக்கிறார். மருமகன் கட்டாரில். பிள்ளைக்குப் பால் கொடுக்க, ஆடவும் சாயவும் கூடிய கிளைடர் ரிக்ளைனர் வாங்கச் சொல்லிக் காசு அனுப்பியிருக்கிறார். கையால் இழுப்பது நல்லதா, மின்சாரத்தில் இயங்குவது நல்லதா? வீட்டில் பழைய சாய்மனைக் கதிரை ஒன்று இருக்கிறது, அது போதாதா? அறை பத்தடிக்குப் பத்தடி. மூன்று வயதில் மூத்த பேரனும் இருக்கிறான்.
— ஓர் அம்மம்மா, உவர்மலை, திருகோணமலை

பதில்: சாய்மனைக் கதிரை மத்தியானச் சாய்வுக்கு என்று செய்தது, அம்மா. இருக்கை பின்பக்கம் தாழ்ந்திருக்கும். வயிற்றில் தையல், கையில் பிள்ளை என்றிருக்கும்போது அதிலிருந்து எழும்புவதற்கு வயிற்றைத்தான் இறுக்க வேண்டும். முதல் ஆறு கிழமைக்கு மகள் தவிர்க்க வேண்டியது அதைத்தான். விலை கூடிய ரிக்ளைனர்களிலும் பலவற்றில் இதே குறை உண்டு. உட்கார்ந்தால் அமிழ்ந்து போகும், கடையில் அது சுகமாகத் தெரியும். புதுப்பிள்ளை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தரம் பால் குடிக்கும். அத்தனை தரமும் எழும்பி இருக்க வேண்டிய கதிரை இது.

ஆகவே மெதுமை எவ்வளவு என்று பார்க்க முதல் அளவைப் பாருங்கள். கடைக்கு அளவு நாடாவையும், மூன்று கிலோ அரிசியைத் துணியில் சுற்றியும் கொண்டு போங்கள், பிறந்த பிள்ளையின் நிறை கிட்டத்தட்ட அதுதான். மகளையே உட்கார வைத்து, அரிசிப் பொதியைப் பால் கொடுக்கும் மாதிரி ஏந்தச் சொல்லி இருபது நிமிடம் விடுங்கள். பாதம் இரண்டும் நிலத்தில் முழுதாகப் பட வேண்டும். சராசரி உயரமான பெண்ணுக்கு, உட்கார்ந்து அமிழ்ந்த பிறகு இருக்கை நிலத்திலிருந்து 16, 17 அங்குலம் என்றால் அளவாக இருக்கும். இருக்கையின் ஆழம் 20 அங்குலத்துக்கு மேற்பட்டால் முதுகு சாயாது, கூனிக்கொண்டுதான் பால் கொடுக்க நேரும். கைப்பிடி இருக்கையிலிருந்து ஏழு, எட்டு அங்குலம் உயர்ந்து, மேலே பஞ்சு வைத்து அகலமாக இருக்க வேண்டும். முழங்கையை வைக்கும்போது தோள் மேலெழும்பினால் கைப்பிடி உயரம் கூட, ஒரு பக்கம் சரிந்தால் குறைவு. இரண்டு கைப்பிடிக்கும் நடுவில் 21 அங்குலமாவது வேண்டும். சிசேரியனுக்குப் பிறகு தையலில் பாரம் விழாமல் இருக்க, பிள்ளையைக் கக்கத்தின் கீழே படுக்க வைத்துப் பால் கொடுப்பது இலேசு. ஒடுங்கிய கதிரையில் அதற்கு இடமிராது.

இனி உங்கள் கேள்வி. கையால் இழுக்கும் ரிக்ளைனரைத் திறப்பது சுலபம். மூடும்போதுதான் கெண்டைக்காலால் காற்பலகையை அழுத்தி உள்ளே தள்ள வேண்டும், அந்தத் தள்ளல் நேரே அடிவயிற்றில் பிடிக்கும். மின்சாரத்தில் இயங்குவது பொத்தானில் போய்விடும். ஆனால் கரண்ட் நின்றால் கால் நீட்டியபடியே நிற்கும். வாங்குவதென்றால் மாற்று பற்றரி உள்ளதா என்று கேட்டு, பிளக்கைக் கழற்றி மூடிக் காட்டச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்குப் பிளக்கைக் கழற்றியே வையுங்கள்.

என் அபிப்பிராயம் இரண்டுமே வேண்டாம். முதுகு மூன்று, நான்கு நிலையில் சாய்ந்து, ஆட்டத்தை நிறுத்தப் பூட்டும் உள்ள சாதாரண கிளைடர் போதும். காலுக்கு வீட்டுப் பலகைக்கட்டை இருக்கிறது. ரிக்ளைனர் முழுதாக விரிந்தால் ஐந்தரை அடி, பின்னால் சுவருக்கு இன்னும் ஓரடி. கட்டிலும் தொட்டிலும் உள்ள பத்தடி அறையில் சோக்கால் நிலத்தில் கீறிப் பாருங்கள், நடக்க வழி இருக்காது. வாசல் அகலத்தையும் அளந்து கொள்ளுங்கள்.

கதிரையைக் கவிழ்த்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். கிளைடர் தொங்குவது நான்கு இரும்புக் கைகளில், ஒவ்வொன்றின் முனையிலும் பெயாரிங். பந்து பெயாரிங் மூடியிருந்தால் நல்லது. வெறும் போல்ட் துளையில் ஆடுவதென்றால் உவர்மலை உப்புக் காற்றுக்குக் கறள் பிடித்து, சில மாதத்திலேயே கிரீச்சிடத் தொடங்கும், தூங்கப் போகும் பிள்ளை அதிலேயே எழும்பிவிடும். அப்போது தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசி பிடித்து இறுகும். சிலிக்கோன் ஸ்பிரே அடியுங்கள். இருக்கையின் நடுவில் முட்டியால் அழுத்துங்கள், பலகை தட்டுப்பட்டால் ஸ்பொஞ்ச் காணாது. கன மீட்டருக்கு 30 கிலோவுக்குக் குறையாத அடர்த்தி கேளுங்கள்.

றெக்சின் வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் முதுகில் ஒட்டும், நம்மூர் ஈரப்பதனுக்கு உரியவும் செய்யும். சிப் வைத்த பருத்தி உறை இரண்டு சோடி தைத்துக் கொள்ளுங்கள், கக்கிய பால் புளித்து மணக்க முதல் கழற்றித் தோய்க்கலாம். புது ஸ்பொஞ்ச், வார்னிஷ் மணம் போக, பிள்ளை வர இரண்டு கிழமைக்கு முன்பே வாங்கி விறாந்தையில் காற்றாட வையுங்கள்.

பேரனின் விரல்தான் பெரிய கவலை. அந்த இரும்புக் கைகளுக்கு நடுவில் விரல் போனால் நசியும். இரண்டு பக்கமும் மூடிய மொடலாகப் பாருங்கள், மகள் எழும்பியதும் பூட்டைப் போடுங்கள், அவன் தனியே ஏற விடாதீர்கள்.

பால் கொடுத்தபடி இந்தக் கதிரையில் மகள் தூங்கிவிடக் கூடாது. சோபாவிலும் சாய்கதிரையிலும் தாயோடு தூங்கும் பிள்ளை கைப்பிடிக்கும் மார்புக்கும் நடுவில் சரிந்து மூச்சடைக்கக்கூடும், உயிருக்கே ஆபத்து. கதிரை எவ்வளவு சுகமோ, கண் அவ்வளவு சீக்கிரம் சொருகும். தூக்கம் தாங்காத இரவில், தலையணையும் போர்வையும் அகற்றிய கட்டிலில் இருந்து கொடுப்பது கதிரையைவிட ஆபத்துக் குறைவு. மருமகன் ஊரில் இல்லாதபடியால் இரவுப் பாலுக்கு நீங்கள் பக்கத்தில் இருங்கள். குடித்து முடிந்ததும் பிள்ளையை வாங்கி, ஏப்பம் எடுத்து, தலையணையில்லாத தட்டையான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, மகளைக் கட்டிலுக்கு அனுப்புங்கள்.