பயிற்சிக்குப் போகாத பையன்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் போர்ட்லாந்தில் வசிக்கிறோம். 15 வயது மகன் பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறான். சிறுவயதிலிருந்தே திக்கிப் பேசுவான். ஆடி முடித்தபின், தன்னைப் போலவே திக்கிப் பேசிய கூடைப்பந்து வீரர் பில் வால்டனைப் போல வர்ணனையாளராவேன், அதுவும் வானொலியில் என்கிறான். கணவர் சிரிக்கிறார், எனக்கோ பயமாக இருக்கிறது. அவன் மனம் நோக நாங்கள் விட்டதே இல்லை. ஞாயிறுதோறும் மதுரையிலிருந்து மாமியார் தொலைபேசியில் அழைக்கும்போதுகூட, “பயிற்சிக்குப் போயிருக்கிறான்” என்று சொல்லிச் சமாளித்துவிடுவோம். அவன் ஆசையை எப்படித் திருப்புவது?

பதில்: வால்டனே பேசினார், உங்கள் பிள்ளையும் பேசுவான் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. அவன் வர்ணனையாளராவானா என்பது எனக்குத் தெரியாது. அந்தக் கவலைக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். தொலைபேசி ஒலிக்கிறது. பையன் எங்கே நிற்கிறான்? சோபாவிலா, அடுக்களை வாசலிலா? அம்மா தன்னை வீட்டில் இல்லாதவனாக்குவதை அவன் காதாலேயே கேட்கிறான். வாரம் தவறாமல் கேட்கிறான். மனம் நோக விட்டதில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள்! வகுப்பில் எவனோ கேலி செய்தால் வீட்டுக்கு வந்து அழலாம். வீடே ஒளித்து வைத்தால் எங்கே போவான்?

அந்தப் பாட்டியை நினைத்தீர்களா? பேரன் குரலுக்காக வாரம் முழுவதும் காத்திருந்து அழைக்கிறார். அவன் ஒரு வார்த்தைக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டால் அவருக்கு என்ன அவசரம், ரயிலைப் பிடிக்கவா போகிறார்? பாட்டியிடம் பேசுவது பேரனின் கடமை. நாக்கு புரளவில்லை என்பதற்காக அதிலிருந்து விடுப்புக் கொடுக்க உங்களுக்கு உரிமையில்லை. வெட்கப்படுவது நீங்கள் இருவரும்தான், பழியை மட்டும் பயிற்சியின் மேல் போடுகிறீர்கள்.

வால்டன் உங்கள் ஊர்க்காரர் மாதிரிதான். 1977இல் போர்ட்லாந்து அணி வென்ற ஒரே பட்டம் அவர் ஆடிய காலத்தில் வந்தது. ஆறடி பதினோரு அங்குல உயரம். ஆனால் யாராவது மைக்கை நீட்டினால் வாய் எழாது. பந்தும் ஆட்டமும் அவருக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடமாக இருந்தன. 28 வயதில் மார்ட்டி கிளிக்மனைச் சந்தித்தார். நியூயார்க் நிக்ஸ் அணியின் ஆட்டங்களை வானொலியில் வர்ணித்த பெரியவர். 1936 பெர்லின் ஒலிம்பிக் தொடர் ஓட்டத்துக்குப் போய், ஓடவிடாமல் உட்கார வைக்கப்பட்ட யூத இளைஞரும் அவரே. ஒதுக்கி வைக்கப்படுவது எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிதானமாகப் பேசு, வாய்விட்டுப் படி என்று வால்டனைப் பழக்கினார். ‘நீ சும்மா இரு, உனக்காக நான் பேசுகிறேன்’ என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டில் நடப்பது அதுதானே?

அவன் பள்ளியிலேயே பேச்சுப் பயிற்சி கிடைக்குமா என்று இந்த வாரமே கேளுங்கள். கணவர் சிரிப்பதை நிறுத்தட்டும். பாட்டி அவருடைய அம்மா, கூச்சம் முதலில் அவருக்கே போக வேண்டும்.

வரும் ஞாயிறு மாமியார் அழைத்ததும் தொலைபேசியை மகன் கையில் கொடுங்கள். அவன் திக்கும்போது பக்கத்தில் நின்று வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். எவ்வளவு நேரமானாலும் கதவைத் தட்டாதீர்கள்.